உன் பேரில் கட்டின பிராது

விருத்தாசலம்,
ஆவணி 22, ஞாயிறு.

அன்புள்ள தம்பி பழமலைக்கு,

அக்கா அம்சவல்லி எழுதுறேன். இங்க நானும் மாமாவும் காவியாவும் இருக்கோம். சுகம்னு எழுத கை வரல, அதனால இருக்கோம்னு எழுதுறேன். நீயும் கனகாவும் பாப்பாவும் நல்லா இருக்கணும்.

கவர் மேல என் எழுத்தைப் பாத்ததும் தூக்கிப் போட்டுடாத. என் நம்பரையும் மாமா நம்பரையும் நீ போன்ல தடுத்து வச்சிருக்க. தபால்காரரைத் தடுக்க முடியாதுல்ல, அதான் எழுதுறேன். விலாசம் குடுத்தது கனகாதான். அவளைக் கோச்சுக்காத. வைகாசியில ஓசூர் கம்பெனியில உன் வலது கை ரெண்டு விரல் மெஷின்ல நசுங்கினப்ப, மனசு கேக்காம எனக்குச் சொன்னவ அவதான். கட்டுப் பிரிச்சாச்சா? சோத்தைப் பெசஞ்சு சாப்பிட முடியுதா, இல்ல கனகாதான் ஊட்டி வுடுறாளா? சின்ன வயசுல உனக்கு ஊட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இங்க மழையே இல்ல. செராமிக் கம்பெனியில வேலை இருக்குது. இன்னமும் கரண்டு பீஸ் கட்டைக்குப் பிசிறு துடைக்கிற எடத்துலதான் உக்காந்திருக்கேன். மாமாவுக்குச் சக்கரை முன்ன மாதிரிதான், ஏறுது எறங்குது.

இனிமே சுத்தி வளைக்கல. மூணு வருசம் முன்ன, கனகா பிள்ளை பெத்து வந்தப்ப, நீ வாஷிங் மெஷின் வாங்கணும்னு வந்து நின்ன. உனக்கு பேங்க்ல கிரெடிட் கார்டு தர மாட்டேன்னுட்டாங்க. கம்பெனி வாசல்ல டேபிள் போட்டு உக்காந்திருந்த பையன் வருசக் கட்டணமே கிடையாதுங்கன்னு சொல்லி என் தலையில கட்டின கார்டு சும்மாதான் கெடந்துச்சு. அதுல தேய்ச்சோம். இருபத்துநாலாயிரம். மாசம் ரெண்டாயிரம்னு பன்னெண்டு மாசம், ஒரு மாசம் தவறாம என் கையில கொண்டாந்து குடுத்த. நீ குடுத்தது முழுசும் எனக்குத் தெரியும். அதுல எனக்கு எப்பவும் சந்தேகம் இருந்ததில்ல.

நான் பண்ணினது உனக்குத் தெரியாது. முத மாசம் பேங்க்லருந்து மெசேஜ் வந்துச்சு. குறைஞ்சது ஆயிரத்து எறநூறு கட்டினா போதும்னு காவியா படிச்சுச் சொன்னா. பேங்க்காரனே போதும்னு சொல்றப்ப நமக்கென்னன்னு அதை மட்டும் கட்டினேன். மிச்சம் எண்ணூறை நான் எடுத்துக்கிட்டேன். காவியாவோட டைப்பிங் கிளாஸ், கேஸ் சிலிண்டர், மாமா மாத்திரைன்னு மாசாமாசம் அது கரைஞ்சுடுச்சு. பன்னெண்டு மாசம் முடிஞ்சதும் நீ நிறுத்தின, நானும் கடன் தீந்துச்சுன்னு நிறுத்திட்டேன்.

அதுக்கப்புறம் பேங்க்லருந்து போன் வரும். ஒரு பொண்ணு நல்ல தமிழ்ல, அம்மா அம்மான்னு பேசும். வேலை நேரத்துல கை பூரா களிமண்ணு, போனைக் காதுல இடுக்கிக்கிட்டு சரிங்க சரிங்கன்னு சொல்லி வச்சுடுவேன். மரியாதையா பேசுறவங்ககிட்ட வேற என்ன சொல்றது? அப்படி நான் சொன்ன ஒரு சரிங்கவுக்கு ஏதோ இன்சூரன்ஸ்னு மாசம் முன்னூத்தைம்பது பிடிச்சிருக்காங்க, தம்பி. எனக்கு ரொம்ப நாளா தெரியாது.

போன தை மாசம் ரெண்டு பேரு கம்பெனிக்கே வந்து, மொதலாளி முன்னால ஐம்பத்தெட்டாயிரம் பாக்கின்னாங்க. மெஷின் வாங்கினப்ப பதிஞ்ச கார்டு நம்பர் உன் போன்லயும் இருந்துச்சுங்கிறது எனக்கு ஞாபகம் வந்துச்சு. நீதான் எடுத்திருப்பன்னு முடிவு கட்டிட்டேன். அந்த வாரமே பாப்பாவுக்குக் காதுகுத்து. கருவேப்பிலங்குறிச்சியில உன் மாமனார் வூட்டு ஆளுங்க பந்தியில உக்காந்திருக்கப்ப, என் கார்டுல திருடினியாடான்னு உன்னைக் கேட்டேன். நான் தொடலக்கான்னு ஒரே ஒரு தடவை சொன்ன. நம்ப மாட்டேன்னு கத்தினேன். இப்ப உண்மையைச் சொல்றேன், நம்பாம இல்ல. பேச்சை வளத்தா அந்த எண்ணூறு வெளிய வந்துடும்னு பயம். அதுக்குத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

அதோட வுட்டேனா? மாசி மாசம் மணவாளநல்லூர் போயி, கொளஞ்சியப்பர் கோயில்ல உன் பேருல பிராது கட்டினேன். நம்ம ஊர்லருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேட்டு, சாமி வந்து போற செலவுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே சொல்லிப் பணம் வாங்கினாங்க. இன்னார் என்னை ஏமாத்திட்டான், நீதான் கேக்கணும்னு சாமிக்கு எழுதினேன். அப்பா பேருன்னு போடுற எடத்துல நம்ம அப்பா பேரைத்தான் எழுதினேன். அப்பவும் என் கை நிக்கல. முனியப்பர் சந்நிதியில வேல்ல கட்டிட்டு, வரப்ப டீ குடிச்சிட்டு வந்தேன். நீ பங்குனியில வூட்டைக் காலி பண்ணிட்டு ஓசூர் போயிட்ட.

மூணு மாசத்துல சாமி கேட்டுடும்னு சொல்லுவாங்க. சரியா மூணாவது மாசம் உன் கை போச்சு. தனக்கோடி சித்தி தெரு பூரா சொல்லிட்டு வந்துச்சு, பாத்தீங்களா கொளஞ்சியப்பர் கேட்டுட்டாருன்னு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. மறுநாளே பேங்க் அனுப்பின தாள் எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு, எங்க ஆபீஸ்ல கணக்கு எழுதுற கயல்விழிகிட்ட போனேன். அந்தப் பொண்ணு பென்சில் வச்சு வரி வரியா படிச்சுச்சு. வட்டி, வட்டிக்கு வரி, தாமதக் கட்டணம், தாமதக் கட்டணத்துக்கு வரி, இன்சூரன்ஸ். கடைசித் தாள் வரைக்கும் போயி நிமிர்ந்து பாத்து, வாஷிங் மெஷினுக்கு அப்புறம் யாரும் ஒரு பொருளும் வாங்கலக்கான்னுச்சு. அந்த எண்ணூறையும் சேத்துக் கட்டியிருந்தா பெரும்பாலும் அப்பவே தீந்திருக்குமாம். அதையும் அதுவே சொல்லுச்சு. நான் சரிங்கன்னேன்.

கம்மலை வச்சு, பேங்க்ல பேசிக் கொறைச்சு, ஆடியில கணக்கை முடிச்சிட்டேன். அதைப் பத்தி நீ கவலைப்படாத.

அப்புறம் கோயிலுக்குப் போயி பிராதைத் திருப்பி வாங்கிக்கிறேன்னு ராஜினாமா பண்ணினேன். காரியம் முடிஞ்சவங்கதான் அதைப் பண்ணுவாங்க. முடிஞ்சுதாங்கன்னு கோயில் ஆபீஸ்ல கேட்டாங்க. இல்லிங்க, தப்பா கட்டிட்டேன்னேன். சரி, அதுவும் உண்டுதான்னு எழுதிக்கிட்டாங்க. ஆனா ஊர் வாய் சும்மா இருக்குமா? அம்சவல்லி ராஜினாமா குடுத்துட்டா, தம்பிக்காரன் பயந்து பணத்தைக் கட்டிட்டான் போலன்னு பேசுறாங்க. நான் வூடு வூடா போயி இல்லன்னு சொல்லிட்டேன். தம்பியை வுட்டுக் குடுக்க மனசு வரல பாருன்னு என்னையே மெச்சுறாங்க. கட்டினதும் உன் மேல பழி, அவுத்ததும் உன் மேலயே பழி. நான் என்ன சொன்னாலும் இனிமே எடுபடாது.

அதனால கவருக்குள்ள இன்னொரு தாள் வச்சிருக்கேன், பிரிச்சுப் பாரு. அதுவும் பிராதுதான். புகார் குடுக்கிறவர் பேரு பழமலைநாதன். யார் மேலன்னா, அம்சவல்லி. என்ன பண்ணினான்னா, மாசம் எண்ணூறு எடுத்துக்கிட்டு, ஒண்ணும் அறியாத தம்பியைப் பந்தியில வச்சுத் திருடன்னு சொன்னா. எல்லாம் நானே எழுதிட்டேன். அப்பா பேரு ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான். ஓசூர்லருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேட்டு, அந்தப் பணத்தையும் கனகாவுக்கு அனுப்பிட்டேன்.

நீ வந்து, எல்லாரும் பாக்க, உன் கையால கட்டு. சித்தியை நானே கூட்டிட்டு வரேன். சாமி என்னை என்ன கேக்கணுமோ கேக்கட்டும். கட்ட மனசு வரலன்னா கிழிச்சுப் போடு, ஆனா அதையும் இங்க வந்து என் முன்னால கிழி. வூட்டுக்குள்ள வர வேணாம், ஒரு வார்த்தை பேச வேணாம். வந்துட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாலும் போ.

கையெழுத்து மட்டும் பாக்கி. வலது கை இன்னும் ஆறலன்னா, இடது கை ரேகை வச்சாலும் போதும்னு கோயில்ல கேட்டுட்டு வந்துட்டேன்.

உன் கை சீக்கிரம் கூடி வரட்டும். என் கையில இருக்கிற பலமெல்லாம் உன் கைக்கு வரட்டும்.

உன் அக்கா,
அம்சவல்லி