அப்பா கேட்டால் எலி வருடம் என்று சொல்

அன்புள்ள சந்தூ அக்காவுக்கு,

குந்தியா எழுதுகிறேன். நீயும் உன் அறைத் தோழிகளும் சுகமாக இருக்க வேண்டும். நாற்றத்தைப் பொறுத்துக்கொள். வேறு எங்கே ஒளித்து அனுப்புவது என்று தெரியாமல் புளித்த பிரஹோக் மீன் ஜாடியின் மூடிக்கடியில் இதை வைத்தேன். ஒரு மாதமாகக் கேட்கிறாய், ஜாடி வந்ததும் திறந்துவிடுவாய். போனில் சொல்ல முடியாது. யார் பேசினாலும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நுயன் மாமாவின் வேன் வெள்ளிக்கிழமை காலையில் உன் தையல் ஆலைப் பக்கம் கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னைக் கூப்பிடுவார். அதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

தவளை பிடிக்கும் தலைவிளக்கைத் துண்டில் சுற்றி, கொசுவலைக்குள் வைத்து எழுதுகிறேன். கால் அடிபட்டதிலிருந்து அப்பா படியேறுவதில்லை. வீட்டைத் தாங்கும் தூண்களுக்கிடையில், கீழே மாடுகளுக்குப் பக்கத்தில் மூங்கில் கட்டிலில் படுக்கிறார். தரைப் பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் அவர் முகத்தில் விழும். பாயையும் புத்தகப் பையையும் போட்டு இடுக்குகளை அடைத்திருக்கிறேன். அவர் இருமும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

தம்பி பொல்லுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சிவப்பு மாடு சினையாக இருக்கிறது. நடவு பாதிதான் முடிந்திருக்கிறது. விடிவதற்கு முன் நாற்றுப் பறித்து, சோறு வடித்து, சைக்கிள் மிதித்துப் போவதற்குள் கணக்கு வகுப்பு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம். நல்ல தரம் வந்தால் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் என்று டீச்சர் சொல்கிறார். அப்படிச் சொல்லும்போது என் காலில் காய்ந்திருக்கும் சேற்றைப் பார்க்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நான் வயலிலிருந்து வந்தபோது சந்தையில் கடை வைத்திருக்கும் சருன் அத்தையும், அவர் மகன் வுத்தியும், நாளும் பொருத்தமும் பார்க்கும் ஆச்சாரியாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. வுத்தி கெட்டவன் இல்லை. பம்புசெட்டு பழுது பார்க்கிறான். நான் கணக்கில் கெட்டிக்காரியாமே, இனி அவனுடைய டீசல் கணக்கை நானே பார்க்கலாம் என்று சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு, படிப்பு முடியட்டும் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. "நீ படிச்சா இந்த வீட்லேர்ந்து ஒரு ஆள் போயிடும். நீ கட்டிக்கிட்டா ஒரு ஆள் வரும்மா. எனக்கு வர ஆள்தான் வேணும்" என்றார். மாப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்துதானே இருப்பான். வயல், மாடு, அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டுவது எல்லாவற்றுக்கும் ஒரு கை கிடைக்கும். அவர் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிக்குகளின் மழைக்கால நோன்பு தொடங்கிவிட்டால் மூன்று மாதம் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்பே நல்ல நாள் ஒன்று இருக்கிறது, அதை விடக் கூடாது என்கிறார் ஆச்சாரியார். அந்த நாள் தவறிவிட்டால் போதும், நோன்பு முடிவதற்குள் தேர்வு முடிந்துவிடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன், திட்டாதே. அன்று பொருத்தம் பார்க்க, பன்னிரண்டு மிருக வருடங்களில் நான் பிறந்தது எது என்று ஆச்சாரியார் கேட்டார். பள்ளிச் சான்றிதழில் இருப்பது அம்மா மாற்றிக் கொடுத்த தேதி என்று ஊருக்கே தெரியும். அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. "இவ பொறந்தப்போ தண்ணி மூணாம் படி வரைக்கும் வந்துச்சு" என்றார். "தண்ணி வருசா வருசம்தான் படியேறுது. எந்த மிருகம்னு சொல்லுப்பா" என்றார் ஆச்சாரியார். அப்பா என்னைப் பார்த்தார். நான் எலி என்று சொல்லிவிட்டேன். வுத்தி ஆட்டு வருடம். எலிக்கும் ஆட்டுக்கும் ஒத்துவராது என்று போன வருடம் கோடி வீட்டுச் சம்பந்தம் நின்றுபோனது எனக்கு ஞாபகம் இருந்தது. பன்றி என்று உண்மையைச் சொல்லியிருந்தால், ஆட்டுக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாதாம்.

ஆச்சாரியார் புத்தகத்தை மூடிவிட்டார். ஆனால் அப்பா நெற்றியைத் தடவிக்கொண்டே, இவள் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு பெரியவளுக்குத்தான் தெரியும், இவள் பிறக்கும்போது பக்கத்தில் இருந்தவள் அவள்தான், கேட்டுச் சொல்கிறேன் என்றார். உனக்கு அப்போது ஆறு வயது. சுடுதண்ணீர் எடுத்துக் கொடுத்ததை நீயே நூறு முறை சொல்லியிருக்கிறாய்.

அக்கா, எலி என்று சொல். போனை எடுத்ததும் வழக்கம்போல "என்ன பன்னிக்குட்டி" என்று ஆரம்பித்துவிடாதே. நான் சேற்றில் புரண்டதால் வைத்த பேர் என்றுதான் அப்பா இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

இதோடு முடித்திருக்கலாம். இதற்குமேல் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். முடியவில்லை. படியிறங்கும்போது சருன் அத்தை அப்பாவிடம் ஒன்று சொன்னார். "சின்னது பொருந்தலேன்னா என்ன, பெரியது பாம்பு வருசம்தானே? தையல் மெஷினையே கட்டிக்கிட்டு எத்தனை நாளைக்கு இருப்பா?" பாம்புக்கும் ஆட்டுக்கும் தடை ஒன்றும் இல்லை என்றார் ஆச்சாரியார். அன்று இரவு சாப்பிடும்போது, உன் ஆலையில் லீவு எப்போது என்று அப்பா பொல்லிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ சாயங்காலங்களில் சீன மொழி படிப்பதும், லைன் மேற்பார்வை வேலைக்கு எழுதிக் கொடுத்திருப்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றவள் நீ. மறுபடியும் உன்னிடமே வந்து நிற்கிறேன்.

அப்பா இருமுகிறார். விளக்கை அணைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கும்போது நான் மூன்றாம் படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன். எலி என்று நீ சொன்னால், உனக்கு வரப்போவதை இருவரும் சேர்ந்து தடுப்போம், எப்படி என்று இப்போது தெரியாது. பன்னிக்குட்டி என்று கூப்பிட்டாலும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, அப்பா கையிலிருந்து போனை வாங்கி, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். உன்மேல் கோபம் வராது. அம்மாமேல் சத்தியம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
குந்தியா