தம்பிக்கு நான் போட்ட மார்க்

3-6-86, செவ்வாய். அஸ்தம்பட்டி

டி.வி.யில் ஆடும் விண்கப்பல் ஆட்டத்துக்கு 41 போட்டு 'மின்சுவடி' பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். படம் 14, ஓசை 6, கைக்கு அடங்குவது 12, திரும்ப ஆடத் தூண்டுவது 9. ஒவ்வொன்றும் இருபத்தைந்துக்கு. அதன் ஆசிரியர் தங்கசாமி நான் வேலை பார்க்கிற இன்ஸ்டிட்யூட்டுக்கே போன் செய்துவிட்டார். "கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதுங்களா? வெளிநாட்டுல இருந்து கேட்ரிட்ஜ் கொண்டாந்து இரவல் குடுக்கறவரு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறாருங்க."

தொங்கட்டும். பகலெல்லாம் டைப்ரைட்டிங் பிள்ளைகளின் தப்பை எண்ணுகிறவள் நான். தப்பை எண்ணாமல் மார்க் போட எனக்கு வராது.

ராமாத்தாளும் சேர்ந்துகொண்டாள். "ஒரு பொம்மைக் கப்பலுக்குக்கூட அம்பது போட மனசு வல்லீங்களா நங்கையா?" தம்பி பெண்டாட்டி. என்னை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். தம்பி மாரியப்பன் ரிக் லாரியோடு வடக்கே போர்க் கிணறு துளைக்கப் போய் மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் கூடாரத்தில் ஆளைக் காணோம் என்று கூட இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். அதோடு சரி. அன்றிலிருந்து இவள் என்னோடு இருக்கிறாள்.

9-6-86, திங்கள்

புதுக் கேட்ரிட்ஜ் வந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து பெயரே இல்லை. ஆட்டப் பெட்டியில் செருகியதும் டி.வி.யில் ஒரு குட்டி மனுஷன் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே கீழே போகிறான். எத்தனை அடி போனானோ அதுதான் புள்ளி. தண்ணீர் வரவே வராது போலிருக்கிறது. நம் ஊர் ரிக்காரர்களுக்கு இதை விளையாட்டு என்று காட்டினால் அடிக்க வருவார்கள்.

இருபதுக்கு மேல் தேறாது.

10-6-86, செவ்வாய்

ஆட்டம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் வருகிறது. நேற்று நான் இதைக் கவனிக்கவில்லை. முதல் இடத்தில் மூன்று ஆங்கில எழுத்து. எம், ஏ, ஆர். பக்கத்தில் 612.

யாரோ முன்னால் ஆடியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். சமைக்கும்போதுதான் உறைத்தது. இந்தப் பெட்டிகளுக்கு ஞாபகம் கிடையாதே!

11-6-86, புதன்

எம், ஏ, ஆர். 655.

15-6-86, ஞாயிறு

தங்கசாமிக்குப் போன் செய்து சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "கரண்ட நிறுத்துனா எல்லாம் அழிஞ்சு போயிருமுங்க. உங்குளுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார்.

தெரியும். அதனால்தான் நான்கு நாளாகக் கேட்ரிட்ஜைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் செருகினால் நாற்பது, நாற்பத்தைந்து அடி கூடியிருக்கிறது. இன்றைக்கு 830.

மாரி என்று எழுத வேண்டுமானால் அந்த மூன்று எழுத்துதானே வரும்? சீ, என்ன புத்தி இது. உலகத்தில் எத்தனை எம்.ஏ.ஆர். இருப்பார்கள்.

22-6-86, ஞாயிறு

ராமாத்தாள் பார்த்துவிட்டாள். இதைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விட்டதே இல்லை. தறிக்காரர் வீட்டுப் பாவாடையைத் தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து டி.வி. கண்ணாடியில் விரலை வைத்தாள். "இது அவுருங்க" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய் மிஷினை மிதித்தாள்.

மூன்று வருஷமாக வராத பாட்டு அவள் வாயில் முணுமுணுப்பாக வருகிறது. நான் எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன், இவள் பாடுகிறாள்!

2-7-86, புதன்

புதுச்சத்திரத்திலிருந்து அம்மா வந்தாள். இனிக் காத்திருக்க முடியாதாம். ஆடி பிறப்பதற்குள் அம்மன் கோயிலில் பூக் கேட்டு, சிவப்பு வந்தால் காரியம் பண்ணிவிட வேண்டுமாம். "செத்தவனுக்குச் சோறு வெக்காம உட்டா குடும்பத்துக்கு ஆவாது சாமி" என்கிறாள். காரியம் என்றால் ராமாத்தாளின் தாலியைக் கழற்றுவது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் கழுத்தைச் சேலையால் மூடிக்கொண்டே பரிமாறினாள்.

எண் 1,560. செத்தவன் தினம் நாற்பது அடி போடுவானா? என் தம்பி உயிரோடு இருக்கிறான். எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவிடம் எதைக் காட்டி நிரூபிப்பேன்? டி.வி. பெட்டியையா?

4-7-86, வெள்ளி. புதுச்சத்திரம்

செய்துவிட்டேன்.

எங்கள் வழக்கத்தில் பூப் பொட்டலம் கட்டுவது உடன்பிறந்தவள் வேலை. ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் சுருட்டி நூல் சுற்ற வேண்டும். நான் இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். சிவப்பைக் கிணற்று மேட்டில் கிள்ளிப் போட்டுவிட்டேன்.

பூசாரி பெரியசாமி சத்தமாகக் கேட்டார்: "ஆத்தா, இந்தப் புள்ளயோட தம்பி ஊடு வந்து சேருவானா? வருவான்னா வெள்ளையக் குடு. இல்லீன்னா செவப்பக் குடு." பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அதை நானே எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். பஸ் ஏறும்வரை அது ஈரமாகவே இருந்தது.

5-7-86, சனி

ஒரு எண்ணம் விடமாட்டேன் என்கிறது. இல்லை என்று சொல்ல அம்மனுக்கு வழியே விடாமல் கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டால் எதையாவது அனுப்பித்தானே ஆக வேண்டும்?

19-7-86, சனி

மாரி வந்துவிட்டான்!!

மத்தியானம் பன்னிரண்டு மணி. துணிப் பையோடு வாசலில் நிற்கிறான். கறுத்து, கொஞ்சம் இளைத்து. "அக்கா, நல்லாருக்கறயா?" என்றான். ராமாத்தாள் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நான் அழுத அழுகை, கடவுளே. எழுத முடியவில்லை. நாளைக்கு.

21-7-86, திங்கள்

எங்கே இருந்தாய் என்றால் "அங்கங்க இருந்தேன்" என்கிறான். களைப்பு. போகப் போகச் சொல்வான்.

ஒன்று மட்டும். ரிக் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று நின்று, வடக்கே போகும் முன்பே அவனுக்குக் காது மந்தம். ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவான். இப்போது நான் அடுக்களையில் ராமாத்தாளின் காதோடு சொன்னதற்குத் வாசல் திண்டில் சாய்ந்திருந்தவன் பதில் சொன்னான். மெதுவாக. நல்லதுதானே? குணமாகியிருக்கும்.

27-7-86, ஞாயிறு

எட்டு நாளாகத் தொடாத கேட்ரிட்ஜை இன்று செருகினேன். ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், மார்க் போட்டுத் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

எம், ஏ, ஆர். 2,610.

தம்பி பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அணைத்தேன். அரை மணி கழித்துப் போட்டேன். 2,611. அவன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அப்படியென்றால் அங்கே துளைத்துக்கொண்டிருப்பது யார்?

3-8-86, ஞாயிறு

ஒரு வாரமாக அவனைச் சோதித்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

சின்ன வயதில் வெண்ணந்தூர்ச் சந்தையில் தொலைந்து போனாயே, என்ன நடந்தது என்று கேட்டேன். நான் எல்லோரிடமும் சொல்லுகிற கதையை, நான் சொல்லுகிற வார்த்தையிலேயே சொன்னான். யார் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள், எந்தச் சாலை, எல்லாம் சரி. கண்டுபிடிக்கும் முன்பு அந்த இரண்டு மணி நேரம் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்றேன். சிரித்தான். அடுத்த கேள்வி, அடுத்தது, எல்லாம் இப்படியே. எங்களுக்குத் தெரிந்தது அத்தனையும் அவனுக்குத் தெரிகிறது. எங்களுக்குத் தெரியாதது ஒன்றுகூடத் தெரியவில்லை.

ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன்.

தலை ஒரு நிலையில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டேன்.

முகம் 21. பேச்சு 8. கைப் பழக்கம் 6. திரும்பி வந்தது —

அதில் பேனா வெகு நேரம் நின்றது. பூஜ்யம் போட்டேன். மொத்தம் 35.

4-8-86, திங்கள்

ராமாத்தாளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, இரண்டு வெள்ளைப் பூவையும் சொன்னேன், ஏறுகிற எண்ணையும் சொன்னேன். அவள் இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். என் தாள். மெத்தைக்கடியில் பார்த்தாளாம்.

"மொதல் நாளே தெரியுமுங்க நங்கையா. அவுரு என்னைய ஒருக்காகூட பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. 'ஏ புள்ள'ம்பாரு, ஊரே திரும்பிப் பாக்கும். இவுரு ராமாத்தாள்னு கூப்புடறாருங்க."

"தெரிஞ்சுமா?" என்றேன்.

"முப்பத்தஞ்சு போட்டிருக்கறீங்க. பள்ளிக்கோடத்துல முப்பத்தஞ்சு வாங்குனா பாஸுதானுங்களே?" தாளை நீவி நீவி மடித்தாள். "நான் மூணு வருசமா ஒரு மார்க்கும் இல்லாம உக்காந்திருந்தனுங்க. எனக்கு இது போதும்."

"அப்ப மாரி?" என்று கத்திவிட்டேன். "எந்தம்பி அங்க தனியாக் கெடக்கறான்டீ!"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அடித்திருப்பேன். "அந்தப் பொட்டிய அனுப்பிச்சுருங்க" என்றாள்.

6-8-86, புதன்

எண் குறைந்திருக்கிறது. முதல் தடவையாக. 3,020-லிருந்து 2,940. சாயங்காலம் 2,870.

ஏறி வருகிறான்.

7-8-86, வியாழன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் வந்தால் மூன்று வாரத்தில் மேலே வந்துவிடுவான்.

கேட்ரிட்ஜைக் கையில் வைத்துக்கொண்டு விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே ராமாத்தாள் அவனுக்குத் தலை துவட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொன்னானோ, சிரிக்கிறாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. எத்தனை நாளாயிற்று.

பத்து மணிக்குத் தபாலாபீஸில் பார்சல் கட்டினேன். உள்ளே ஒரு சீட்டு: பெயரற்ற துளையிடும் ஆட்டம், மொத்தம் 35. ஆடியதே திரும்பத் திரும்ப வருகிறது, முடிவு தெரிவதில்லை.

பாவி. நான் பாவி.

16-9-86, செவ்வாய்

'மின்சுவடி' வந்தது. 35 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

தங்கசாமி போன். அந்தக் கேட்ரிட்ஜை வெண்ணந்தூரில் செல்லமுத்து என்று ஒரு வாசகருக்கு இரவல் கொடுத்தாராம். "அவரு உங்க மேல கோவமா இருக்கறாருங்க. கீழ போற ஆட்டம்னு எழுதியிருக்கறீங்களாமா. அவரு போட்டா அந்த மனுசன் எறங்கவே மாட்டீங்கறானாமா. மேல, தரை மேல வந்து நின்னுக்கறானாமா. எண்ணு பூஜ்யம். ஆட்டற கட்டைய எந்தப் பக்கம் திருப்புனாலும் அசையாம, மூஞ்சிய நம்ம பக்கம் திருப்பிட்டு, சும்மா நிக்கறானாமுங்க. பாக்கவே பாவமா இருக்குதுன்னு எழுதியிருக்கறாரு. இன்னொருக்காப் பாத்துட்டு மார்க்க மாத்திப் போடறீங்களா? பொட்டிய அனுப்பி வெக்கட்டுங்களா?"

இன்ஸ்டிட்யூட்டில் பதினாறு டைப்ரைட்டரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வேண்டாமுங்க" என்றேன். "போட்டது போட்டதுதான்."