ரேடார் வண்டிக்குப் போன கம்பி

1987, ஆவணி, செவ்வாய்க்கிழமை

அப்பா இன்னும் வரவில்லை.

பெருமுக்கல் மலையடியில், எங்கள் கொல்லையை ஒட்டி விமானப்படையின் ரேடார் லாரி நிற்கிறது. ஜெனரேட்டர் வண்டியிலிருந்து அதற்குப் போகும் கம்பியை எங்கள் கொல்லை மண்ணில் புதைத்திருந்தார்கள். எங்களுக்குத் தெரியாது. நிலக்கடலைச் செடி பிடுங்கிய கொல்லையில், மண்ணில் தங்கிவிட்ட மல்லாட்டைக் காய்களை நானும் அம்மாவும் இன்று கொத்திப் பொறுக்கினோம். அம்மாவின் களைக்கொத்து கம்பியில் இறங்கிவிட்டது. லாரிமேல் சுற்றிக்கொண்டிருந்த பெரிய தட்டு அப்படியே நின்றது.

சிப்பாய்கள் ஓடிவந்தார்கள். அதற்குள் வரப்பில் இருந்த அப்பா ஓடிவந்து அம்மாவின் கையிலிருந்து கொத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான்தாங்க கொத்துனேன்."

தமிழ் தெரிந்த சிப்பாய், "யாரு வெட்டச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரு சொல்லுவாங்க? மல்லாட்டைக்குத்தாங்க."

அவர்கள் நம்பவில்லை. அப்பாவை ஜீப்பில் ஏற்றித் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனார்கள்.

"நாளைக்கி உன்னையும் கேப்பாங்க. அப்பாதான் கொத்துனாருன்னு சொல்லு. மாத்திச் சொன்னா என்னையும் இட்டுக்கினு போயிடுவாங்க" என்றாள் அம்மா.

"அப்படிச் சொன்னா அப்பாவ வுட்டுடுவாங்களாம்மா?"

அம்மா பொறுக்கிய காய்களை முறத்தில் கொட்டிப் புடைக்க ஆரம்பித்தாள்.

கம்பியைச் சாயங்காலமே ஒட்டிவிட்டார்கள். தட்டு மறுபடி சுற்றுகிறது. ஜெனரேட்டர் சத்தம் வீடு வரை கேட்கிறது. அப்பாவை மட்டும் அனுப்பவில்லை.