கறுப்பு உறை போட்ட இருபத்துநாலு ஒயர்

“கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒயர் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா உறை! யார் சார் பண்ணினது?”

“நான்தான். இங்க வேற யாரு இருக்கா?”

நேற்று வாடிக்கையாளரிடம் நீங்கள் இப்படிச் சொன்னபோது, அந்த ‘வேற யாரு’வான நான் டீத் தட்டோடு உங்கள் பின்னால்தான் நின்றிருந்தேன். உறையின் நுனியை லைட்டரில் உருக்கி உருக்கி ஒட்டியதில் விரல் இன்னும் எரிகிறது.

சாப்பாடு மூடிவைத்திருக்கிறேன். சுடவைத்துக்கொள்ளுங்கள். நான் வெளியே போகிறேன்; ஒரு சாவி என்னிடம் இருக்கிறது, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அந்த வாடிக்கையாளர் இன்று ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரை எடுக்க வருகிறார். அந்த இருபத்துநாலு ஒயரும் சேரும் பெரிய பிளக்கில் நீங்கள் செருகிய இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்தன. கறுப்பு உறைக்குள் போய்விட்டால் எல்லா ஒயரும் ஒன்றுபோலத்தானே! சுவிட்சைப் போட்டிருந்தால் அவர் கண்ணெதிரிலேயே புகைந்திருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்துச் சரியாகச் செருகிவிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம், எனக்கும் பழக்கமில்லை, உங்களுக்கும் பழக்கமில்லை.

பாலை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சீட்டில் இடமில்லாததால் ஓரத்தில் எழுதுகிறேன். மூன்று வருடமாகத் தொண்டைவரை வந்து நின்றுபோனது இது. இன்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: “உறை போட்டது என் மனைவி.”