அய்யன் பேர் இல்லாத கட்டுரை

நாகபுரி, 12-8-1936

அன்புள்ள அய்யன் அவர்களுக்கு மகன் நாச்சிமுத்து வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

நம் சோமனூர்க் காட்டில் வாடல் நோய்க்குத் தப்பிய பருத்திச் செடியைக் கண்டுபிடித்தவர் நீங்கள். அதைப் பற்றி நான் வேலை செய்யும் இந்தப் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையார் எழுதிய கட்டுரை அச்சாகிவிட்டது. போட்டோ பிடித்தவருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பேர் மட்டும் இல்லை.

"ஏனுங்க, எங்கய்யன் பேரு எங்கீங்க?" என்று கட்டுரை எழுதிய எங்கள் அதிகாரியைக் கேட்டேன்.

"குடியானவன் பேரையெல்லாமா போடுவார்கள்?" என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்படீன்னா இனி எங்க காட்டுலிருந்து விதையும் வராதுங்க" என்று சொல்லிப்போட்டேன். வேலை போய்விடாது, பயப்படாதீர்கள். மறுநாள் அவரே வந்து உங்கள் விலாசம் கேட்டு வாங்கிப் போனார்.

இங்கே சோறு இறங்கவில்லை. அம்மாவைப் பருப்புப்பொடி இடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. விதை கேட்டு அவர் எழுதுவார். உங்கள் பேரை அச்சில் காட்டும்வரை ஒரு விதைகூடக் கொடுக்காதீர்கள்.

நாச்சிமுத்து