வடக்கு பார்த்த பதினாறு விளக்குகள்

சாந்தோம், சென்னை-4
20 ஜனவரி 1997

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், சிட்னி வெயிலில் நீ தலையில் தொப்பியோடும் உடம்பில் தெம்போடும் இருப்பாய் என்று நம்புகிறேன். போன இரண்டு கடிதங்களிலும் பட்டும் படாமலும் எழுதினேன், இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. பிப்ரவரி கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டு, கோதண்டபாணியின் சூரிய விளக்குத் திட்டத்துக்கு ஆலோசகராக வந்து சேரப்போவதாக அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அவள் அதைப் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே பங்கு மக்களில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, அச்சு முறுக்குக்கு மாவு எப்போது இடிப்பது என்பதுதான் பாக்கி. வீட்டில் சந்தோஷப்படாத ஆள் நான் ஒருவன்தான், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உனக்குக் கோதண்டபாணியை மாநிலங்களவை உறுப்பினராகத்தான் தெரியும். புவி சூடாவதைப் பற்றி டெல்லியில் பேசுகிறவர், சுற்றுச்சூழல் குழுவில் இருப்பவர், சிங்க முத்திரை போட்ட தாளில் உனக்குக் கடிதம் எழுதியவர். எனக்கு அவனை பி.எஸ்ஸி. பௌதிகத்திலிருந்து தெரியும். மூன்று வருடம் என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினான், ஒரு தடவை நான் அடித்துத் திருத்தியிருந்ததையும் அப்படியே அடித்துத் திருத்தி வைத்திருந்தான். பிற்பாடு நான் பௌதிகம் நடத்திவந்த எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவில் வந்து உட்கார்ந்து, எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியைத் தன் மைத்துனனுக்குக் கொடுத்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல.

கடல் மட்டம் ஏறப்போகிறது, கரையோர மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சபையில் நாற்பது நிமிடம் பேசினானாம், பேப்பரில் படத்தோடு வந்தது. அதே மாதம் பாலவாக்கத்தில், அலையின் ஈரம் படுகிற மணலில், சவுக்குத் தோப்பை வெட்டி மாடி வீடு எழுப்பிக்கொண்டிருந்தான். கடல் கரையைத் தேடி வரட்டும் என்று காத்திருக்காமல் இவனே எதிர்கொண்டு போய்விட்டான். வருடா வருடம் ஜூன் ஐந்தாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று, ஆழ்வார்பேட்டையில் மரக்கன்று நடுகிறான், நான் நாலு வருடமாகப் பார்க்கிறேன், குழி ஒன்றேதான், கன்றுதான் மாறுகிறது. சூரிய விளக்குத் திறப்பு விழாவுக்கு மைக்கும் மின்விசிறியும் ஓட டீசல் ஜெனரேட்டர் ஒன்று தெருமுனையில் புகைந்துகொண்டிருந்தது, அந்தப் புகையில் இருமிக்கொண்டே நாங்கள் சுத்தமான எரிசக்திக்குக் கைதட்டினோம்.

இனி விளக்குகளுக்கு வருகிறேன். கோயிலுக்குப் பின்னால் மீனவர் குப்பத்தில் பதினாறு விளக்கு, எம்.பி. தொகுதி நிதியில். போன வருடம் அவன் கேட்டதற்காக நீ உங்கள் ஆய்வகத்துப் புத்தகம் ஒன்றை அனுப்பினாயே, சிட்னி வீட்டுக் கூரைகளின் படங்களோடு, ஞாபகமிருக்கிறதா? அதே சமயத்தில் அவனுடைய வாஸ்துக்காரர் தெற்கு எமனுடைய திசை, அங்கே முகம் காட்டி எதையும் வைக்கக்கூடாது, வடக்குத்தான் குபேரன் திசை என்று சொல்லியிருக்கிறார். உன் புத்தகத்தைத் திறந்தால் அதிலும் சூரிய ஒளித் தகடுகள் எல்லாம் வடக்கைப் பார்க்கின்றன. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிற உங்களுக்குச் சூரியன் வடக்கு வானத்தில் போகிறது, வடக்கே இருக்கிற நமக்கு மார்கழி, தையில் தெற்கே சரிந்து போகிறது என்று யோசிக்க அவன் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாஸ்திரமும் விஞ்ஞானமும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன என்று மேடையில் முழங்கினான். சிட்னிக் கூரைகளில் தகடு சாய்ந்திருந்த கோணத்தையும் விடாமல் எடுத்துக்கொண்டு, பதினாறையும் நிமிர்த்தி வடக்கே திருப்பி வைத்தார்கள்.

ஆகஸ்டில் எரிந்தது. கார்த்திகை பிறந்ததும் மங்கியது, கிறிஸ்துமஸ் வாரத்தில் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. நான் கல்லூரித் திசைகாட்டியையும் கோணமானியையும் எடுத்துப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், நேர் வடக்கு, நாற்பது பாகைச் சரிவு. உச்சி வெயில் தகட்டை உரசிக்கொண்டு போகிறது. இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. விளக்குக் கம்பத்தடியில் ஒரு கல் நட்டு, அவன் பெயருக்குக் கீழே 'விஞ்ஞான ஆலோசனை: ஜொவிட்டா வால்டர், சிட்னி' என்று செதுக்கி வைத்திருக்கிறான். மீன் விற்கிற பாஞ்சாலி என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள், "இன்னா வாத்தியாரே, ஒம் பொண்ணு போட்ட லைட்டு எங்கள மாரியே சாயங்காலமானா சுருண்டு பட்த்துக்குது?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

மறுநாளே மேற்கு மாம்பலத்தில் அவனுடைய அலுவலகத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்து சொன்னேன், ஒரு ஸ்பானர் போதும், ஒரே நாளில் எல்லாவற்றையும் தெற்கே திருப்பிவிடலாம் என்று. திருப்பினால் தப்பு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்றான். அடுத்து இருநூறு விளக்குக்குக் கோப்பு டெல்லியில் இருக்கிறதாம், முதல் பதினாறும் நன்றாக வேலை செய்கின்றன என்று வெளிநாட்டு நிபுணர் ஒருவர் சான்றிதழ் கொடுத்தால் நகர்ந்துவிடுமாம். காபி வரவழைத்து, என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான், "ஒம் பொண்ணு வந்து எறங்கி ஒரு கையெழுத்து போட்டா போதும்டா வால்டர், மத்தத நான் பாத்துக்கறேன்."

உன்னை எதற்குக் கூப்பிடுகிறான் என்று இப்போது புரிந்திருக்கும். ஆலோசனை வேண்டுமென்றால் திசையைக் கேட்டிருப்பான். நீ வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை ஜொவி, ஆறு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலியில் பேப்பர்தான் கிடக்கிறது. வேறு எந்த வேலைக்காவது வா, வேலையே இல்லாமல்கூட வா. இந்தக் கையெழுத்துக்காக வராதே.

தண்ணீர் நிறையக் குடி, ஞாயிறு பூசையை விடாதே. ராஜினாமாவைக் கொடுப்பதற்கு முன் அவனுக்கு ஒரே வரி எழுதி, விளக்குகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று கேள், மறக்காதே. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், மாதா உன்னோடு இருப்பாளாக.

அம்மா வழக்கமாக அடியில் எழுதுகிற நாலு வரியை இந்தத் தடவை எழுத மறுத்துவிட்டாள். பொறாமை பிடித்த மனுஷன் எழுதுகிற கடிதத்தில் தன் பெயர் வேண்டாமாம். நானும் பெயரை எழுதப்போய்ப் பேனாவை மூடிவிட்டேன். அடியில் அப்பா என்று இருந்தால் நீயும் அம்மா மாதிரிதான் படிப்பாய், பழைய வயிற்றெரிச்சல் என்று மடித்து வைத்துவிடுவாய். முன்பின் தெரியாத ஒருவன் பதினாறு விளக்குகளை அளந்து எழுதியிருக்கிறான் என்று வைத்துக்கொண்டு சரிபார். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.