ஆய்வுகூடத்தில் நின்ற பெண்

அனுப்புநர்:
செல்வி சு. ஞானேஸ்வரி, விஞ்ஞானமாணி
உயிரியல் ஆசிரியை
வெள்ளைப்பாறை தமிழ் மகா வித்தியாலயம்
அப்புத்தளை

பெறுநர்:
மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்
ஊவா மாகாணம்
பதுளை

ஊடாக: அதிபர், வெள்ளைப்பாறை தமிழ் மகா வித்தியாலயம்

பொருள்: எமது ஆய்வுகூடத்திலுள்ள மனித எலும்புக்கூட்டைப் பாவனைக்குதவாத பொருட்களோடு எரிப்பதை நிறுத்தி, சட்ட வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தவும், அதன்பின் அடக்கம் செய்யவும் அனுமதி கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் இப்பாடசாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். இதுவரை எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. இவ்விடயம் குறித்து வலய அலுவலகத்துக்கு இரு தடவை நேரில் சென்றேன். மேற்படி எலும்புக்கூடு பொருட்பதிவில் உடைந்த முக்காலிகளுக்கும் துருப்பிடித்த தராசுக்கும் இடையில் உள்ள ஒரு பொருள் என்றும், பொருளுக்கு உரிய நடைமுறையே அதற்கும் என்றும் பதில் கிடைத்தது. எதிர்வரும் ஒக்டோபர் 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை இவற்றை எரிக்க ஏற்றிச்செல்லும் லொறி வருகிறது. ஆகவேதான் தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

2. நான் நியமனம் பெற்று வந்தபோதே அது இங்கே இருந்தது. மண்டையோட்டின் உச்சியில் திருகிய கொக்கியில், இரும்புத் தாங்கியொன்றிலே தொங்கும். ஜன்னலின் மேல்கண்ணாடி சரியாக மூடாது. காற்று அடித்தால் கைகள் மெல்ல ஆடித் தாங்கியில் தட்டும். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரம் பயப்படுவார்கள். அதன்பின் பழகிவிடும். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குச் சொல்வதுபோல், "சலாம் கங்காணி" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவார்கள். இடுப்பெலும்பின் அகலத்தைக் காட்டி, இவர் ஒரு பெண் என்று ஆண்டுதோறும் விளங்கப்படுத்துவேன். பரீட்சையில் சரியாக எழுதுவார்கள். வகுப்புக்குத் திரும்பியதும் மீண்டும் கங்காணிதான்.

3. இந்த எலும்புக்கூட்டுக்கு ஒரு விசேடம் உண்டு. நெஞ்சுப் பகுதியின் முள்ளந்தண்டெலும்புகள் இரண்டு முன்பக்கமாக நொறுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, முதுகை வெளியே தள்ளியிருக்கின்றன. இது முள்ளந்தண்டைத் தாக்கும் காசநோய். நெஞ்சில் இருக்கும் கிருமி இரத்தத்தின் வழியே எலும்புக்குள் சென்று தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். முதலில் முதுகுவலி, மாலையில் மெல்லிய காய்ச்சல், உடல் மெலிவு. கூன் விழும்போது காலம் கடந்திருக்கும். இத்தனை தெளிவாக நோயைக் காட்டும் மாதிரி வேறு எந்தப் பாடசாலையிலும் இல்லை என்று நான் பெருமையாகச் சொல்வதுண்டு. கோலால் அந்த இடத்தைத் தொட்டு, "இதற்கு மருந்து இருக்கிறது, இந்த நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது, இதனால் ஒருவர் சாக வேண்டியதில்லை" என்று பாடத்தை முடிப்பேன்.

4. கடந்த ஜூன் மாதம் பெற்றோருக்கான விஞ்ஞானக் கண்காட்சி நடைபெற்றது. முள்ளந்தண்டுப் பகுதியை விளக்கும் பொறுப்பு சிவசக்தி என்ற மாணவிக்கு. அவருடைய தாயார் ரெங்கம்மா வெள்ளைப்பாறைத் தோட்டத்தின் மேற்பிரிவில் கொழுந்து பறிப்பவர். வயது ஐம்பத்திரண்டு. வேலை முடிந்து நேராக வந்திருந்தார். மகள் கோலை வைத்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார். அவர் கூறியதைக் கூறியவாறே எழுதுகிறேன்: "எங்க அக்காவுக்கு இப்படித்தாங்க டீச்சர் கூன் இருந்துச்சு. இதே எடம்."

இந்நோய் தோட்டங்களில் ஒரு காலம் பரவலாக இருந்தது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். பின் எலும்புக்கூட்டின் இடது கையைக் குனிந்து பார்த்தார். "அக்காவுக்கு இடது சுண்டுவெரல் நுனி இல்லீங்க. ஸ்டோர்ல கொழுந்து அரைக்கிற ரோலர்ல போயிருச்சு. இதுக்கு முழுசா இருக்கே. அப்ப இது வேற யாரோ." இதைச் சொல்லும்போது அவருடைய முகம் தெளிந்ததை நான் கண்டேன். மகளிடம், "நல்லாப் பேசுன புள்ள, ஆனா அந்தக் குச்சிய வச்சுக் குத்தாத, பாவம்" என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

5. ரெங்கம்மாவின் அக்காவின் பெயர் பூங்காவனம். தாய் தந்தை இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்தவர் அவரே. 1991ஆம் ஆண்டு, ஏறத்தாழ இருபத்தெட்டு வயதில் இறந்தார். அதற்கு முந்திய ஓராண்டும் முதுகுவலி என்று தோட்டத்து மருந்தறைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். தைலமும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். "முதுகு வலிக்காத கொழுந்துக்காரி எந்த மலையில இருக்கா, சொல்லு பாப்போம்" என்று அன்றைய கங்காணி கேலி செய்தாராம். அதில் உண்மையும் இருந்தது. எல்லாருக்கும் வலித்ததால் ஒருவருடைய வலி யாருக்கும் புலப்படவில்லை. கால்கள் மரத்தபின் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து வேறொரு தூர ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை மூடியது. தங்கை போய்ப் பார்க்க முடியவில்லை.

6. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அன்று தனி முகவரி கிடையாது, ஐயா. பெரும்பாலானவற்றுக்கு இன்றும் இல்லை. கடிதமோ தந்தியோ தோட்டத்தின் பெயருக்கு வரும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வாசிப்பார்கள். பூங்காவனம் இறந்த தந்தியை மேற்பிரிவில் வாசித்திருக்க வேண்டும். கீழ்ப்பிரிவில் வாசித்துவிட்டார்கள். கீழ்ப்பிரிவிலும் ஒரு பூங்காவனம் இருந்தார். அவர் கூட்டத்திலிருந்து கையைத் தூக்கி, "நாந்தாங்க ஐயா பூங்காவனம். செத்தவளுக்கும் இன்னைக்குப் பேர் போடுவீங்களா?" என்று கேட்டாராம். களமே சிரித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்களின் பிழை என்று எண்ணி, வாசித்தவர் தந்தியை மடித்து வைத்துவிட்டார்.

அந்தப் பகிடி பல நாட்களுக்குப் பிறகு, கோயிலடியில் யாரோ சொல்லிச் சிரித்தபோதுதான் மேற்பிரிவுக்கு வந்து சேர்ந்தது. ரெங்கம்மாவும் ஒரு சித்தப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, உரிமை கோராத உடல் என்று கொடுக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். யாருக்கு, எதற்கு என்று இவர்கள் கேட்டார்களா எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் இவர்களுக்கு விளங்கும் மொழியில் யாரும் பதில் சொல்லியிருக்கமாட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி, கொழுந்தெடுக்கும்போது அக்கா தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணித் துணியையும் கூடைக் கயிற்றையும் தப்பு அடித்துக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அந்தக் குழியில் உடல் இல்லை.

7. ஓகஸ்ட் மாதம் பிளாஸ்டிக் மாதிரியுரு வந்தது. உண்மையான மனித எலும்புகளைப் பொதிசெய்து ஒப்படைக்குமாறு அறிவுறுத்தலும் வந்தது. நான் தனியே இருந்து பொதிசெய்தேன். இடது கையைப் பத்திரிகைத் தாளில் சுற்றும்போது, சுண்டுவிரலின் நுனி கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. உடைந்த இடம் வெள்ளைவெளேரென்று இருந்தது. எலும்பு அப்படி இராது. விரலால் தேய்த்தேன். மாவாக உதிர்ந்தது. அது பிளாஸ்டர். மேலே எலும்பின் நிறத்துக்கு மை பூசியிருந்தது.

எனக்கு முன் இங்கே கற்பித்த தர்மராசா ஆசிரியர் இப்போது யாழ்ப்பாணத்தில் ஓய்வாக இருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன். "ஓம் பிள்ளை, நான்தான் செய்து ஒட்டினனான். எலி கொண்டு போட்டுதெண்டு நினைச்சன். பிள்ளையள் எண்ணேக்க ஒரு எலும்பு குறையக்கூடாதெல்லோ" என்றார். எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். பதுளையில் இருந்த ஒரு வயதான டாக்டர் தன் வீட்டை விற்கும்போது கொடுத்தது, அவரும் இப்போது இல்லை என்றார்.

பிளாஸ்டர் ஒட்டியிருந்த எலும்பின் முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். அது உருண்டு, மழுமழுப்பாக மூடியிருந்தது. இறந்தபின் உடைந்த எலும்பின் விளிம்பு கூராக இருக்கும். இப்படி மூடுவதற்கு உயிருள்ள உடல் வேண்டும், காலமும் வேண்டும். அந்த நுனியை எலி கொண்டுபோகவில்லை.

8. இதை வைத்து நான் உறுதியான முடிவுக்கு வரவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அந்நாளில் இத்தகைய எலும்புக்கூடுகள் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டன என்று வலய அலுவலகத்தில் சொன்னார்கள். இருக்கலாம். பூங்காவனத்தின் முன்னோரும் அங்கிருந்து தருவிக்கப்பட்டவர்களே. கூனும் விரலும் ஒரே உடலில் அமைவது தற்செயலாகவும் இருக்கலாம். நான் ஆவிகளை நம்புபவள் அல்ல. கனவு கண்டதாகவோ குரல் கேட்டதாகவோ எழுதவும் மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்புத்தளையில் பஸ் ஏறினால், முன் ஆசனத்தில் இருப்பவரின் கழுத்தில் முள்ளெலும்புகளை என் கண் தானாக எண்ணத் தொடங்குகிறது. மலையில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களைப் பார்த்தால், சேலைக்கும் தோலுக்கும் உள்ளே இருப்பதே முதலில் தெரிகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் கோலால் தொட்ட இடம் ஒருவருடைய வலி என்பது எனக்குப் பாடமாகத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

9. ரெங்கம்மாவுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் நிம்மதியாகத் திரும்பிப் போனவர். அந்த நிம்மதி ஒரு பிளாஸ்டர் துண்டின் மேல் நின்றது. சிவசக்தியிடம் சொல்லி அவரை வரவழைத்தேன். எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். அவர் அழவில்லை. பொதியைப் பிரிக்கச் சொன்னார். இடது கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "பாரமே இல்லாமப் போயிட்டியே அக்கா" என்றார். பிறகு இரும்புத் தாங்கியைப் பார்த்தார். கொக்கி எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப இவ்ளோ வருசமும் நின்னுக்கிட்டேயா இருந்தா? படுக்க வைங்க டீச்சர். மலையிலயும் நின்னா, இங்கயும் நின்னா."

அன்று மாலையே ஆய்வுகூட மேசைகள் இரண்டைச் சேர்த்து, வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தினோம். அதுமுதல் பிள்ளைகள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கங்காணி என்ற பெயரும் நின்றுவிட்டது.

10. என் சொந்த ஊரில் இறந்தவரை எரிப்பதே வழக்கம். நெருப்பு எனக்கு அவமரியாதையாகத் தெரியாது. இத்தோட்டத்தில் புதைப்பார்கள். அதைவிட, உடைந்த முக்காலிகளோடு சேர்த்து எரிப்பது எந்த ஊரின் வழக்கமும் அல்ல. ஆகவே நான் கோருவன:

(அ) வெள்ளிக்கிழமை வரவிருக்கும் லொறியில் இவ்வெலும்புகளை ஏற்றலாகாது எனத் தாங்கள் எழுத்தில் பணித்தல்.

(ஆ) சட்ட வைத்திய அதிகாரி ஒருவர் எலும்புகளைப் பரிசோதிக்கவும், ரெங்கம்மாவின் மரபணு மாதிரியோடு ஒப்பிடவும் உரியவர்களைக் கேட்டுக்கொள்ளல். மாதிரி கொடுக்க அவர் சம்மதித்திருக்கிறார்.

(இ) முடிவு எதுவாயினும், எலும்புகளை வெள்ளைப்பாறைத் தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்ய அனுமதித்தல்.

மூன்றாவது கோரிக்கை என்னுடையது அல்ல. பரிசோதனையில் இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் ரெங்கம்மாவிடம் கேட்டேன். இது ஆசிரியை கேட்கும் கேள்வி. அவருடைய பதில்: "இல்லேன்னு வந்தாலும் எங்ககிட்டயே குடுங்க. இவளையும் யாராச்சும் தேடியிருப்பாங்க. குழி நாங்க தோண்டுனதுதான், சும்மாத்தானே கெடக்கு."

11. சிவசக்தி வருகிற நவம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதுகிறார். மருத்துவம் படிக்க விரும்புகிறார். உடலமைப்புப் பகுதியில் இவ்வகுப்பிலேயே அதிக புள்ளிகள் அவருக்குத்தான். இச்செய்தி அவருடைய படிப்பைக் குலைத்துவிடுமோ என்று அஞ்சி, இனிப் பிளாஸ்டிக் மாதிரியுருவில் மீட்டுப் படிக்கலாம் என்று சொன்னேன். அவர் மறுத்தார். பாடசாலை விட்டபின் மேசையருகே ஒரு கதிரை போட்டு அமர்ந்து, துணியை விலக்காமல், வாய்க்குள் சொல்லிப் படிக்கிறார். "ரெண்டு வருசமா எனக்குப் பெரியம்மாதான் டீச்சர் எலும்பெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. பரீட்சை முடியிறதுக்குள்ள அவங்கள எரிச்சிருவாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. தங்களுக்கு உண்டு. தாங்கள் அனுப்பும் பதிலை அந்தப் பிள்ளையிடம் நானே வாசித்துக் காட்டுவேன். இம்முறை அது சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும்.

தங்கள் கட்டளையை எதிர்நோக்கி,

சு. ஞானேஸ்வரி
(ஒப்பம்)

இடம்: அப்புத்தளை
திகதி: 2025.10.06

இணைப்பு: விரலெலும்பின் நுனியைக் காட்டும் நிழற்படங்கள் இரண்டு. கழன்ற பிளாஸ்டர் துண்டு என் பொறுப்பில் உள்ளது. கேட்டால் அனுப்பி வைப்பேன். திரும்ப ஒட்டமாட்டேன்.